வால் முளைத்த புள்ளி

இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிப் போய்விடாது. போன வாரம் மாடிப்படியில் திகைத்து நின்ற கதாநாயகி இந்த வாரமும் அதே படியில்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் இங்கே உட்காருங்கள்.

நான் சொல்ல வந்தது இரண்டு சின்னச் சங்கதிகள். ஒன்று, 'இஃப்' என்னும் குட்டிச் சொல். மற்றொன்று, அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் கமா. தமிழில் அதற்குக் காற்புள்ளி என்று பெயர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி! படி அளக்கிற கணக்காகப் புள்ளிக்குப் பெயர் வைக்க நம்மவர்களைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? பார்த்தால் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசை விட அற்பமாக இருக்கிற இந்தக் காற்புள்ளி, சமயத்தில் பெரிய பெரிய காரியங்களைப் பண்ணிவிடுகிறது.

ஒரு தாயார் தன் சிநேகிதிக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீ சமைத்தால் குழந்தைகள் சாப்பிடுவார்கள்' என்று சொல்ல வேண்டும். 'இஃப் யூ குக் த சில்ட்ரன் வில் ஈட்' என்று எழுதிவிட்டாள். ஒரு வார்த்தை கூடப் பிழையில்லை. ஆனால் படிக்கிறவள் 'இஃப் யூ குக் த சில்ட்ரன்' என்கிற வரைக்கும் ஒரே மூச்சில் படித்துவிட்டால் என்ன ஆகும்? 'நீ குழந்தைகளைச் சமைத்தால்' என்று அர்த்தமாகிவிடும். சிறுத்தொண்டர் வீட்டுச் சமாசாரமாக அல்லவா போய்விடுகிறது! 'குக்' என்பதற்குப் பிறகு ஒரு கமாவைப் போட்டுவிட்டால் குழந்தைகள் பிழைத்தார்கள்.

தமிழில் இந்த ஆபத்து ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 'சமைத்தால்' என்கிறோம். நிபந்தனையைச் சொல்லும் 'ஆல்' வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. நிபந்தனை இத்தோடு தீர்ந்தது, இனிமேல் பலன் என்று அந்த 'ஆல்' வேலி போட்டுவிடுகிறது. இங்கிலீஷில் 'இஃப்' என்பது வாசலில் நிற்கும் சேவகன் மாதிரி. 'இதோ நிபந்தனை வருகிறது, பராக்!' என்று முன்னால் கூவிவிட்டு அவன் பாட்டுக்கு நின்றுவிடுகிறான். நிபந்தனை எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த வேலைக்காக அமர்த்தப்பட்டதுதான் கமா.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, 'த சில்ட்ரன் வில் ஈட் இஃப் யூ குக்' என்று எழுதினால் கமா அவசியம் இல்லை. ஏனென்றால் பலனுக்கும் நிபந்தனைக்கும் நடுவிலேயே 'இஃப்' வந்து நின்றுகொள்கிறது. வேலி இருக்கிற இடத்தில் இன்னொரு வேலி எதற்கு? 'இஃப் முன்னால் வந்தால் கமா போடு, பின்னால் வந்தால் போடாதே' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து வைத்த சூத்திரத்தின் உட்பொருள் இவ்வளவுதான். காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கு அவசியமில்லை. நம்மில் பலர் பேசும்போது மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் கமாவைத் தெளித்துவிடுகிறோம். மூச்சு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆஸ்த்மாக்காரர் கடிதம் எழுதினால் முக்கால்வாசி கமாவாகத்தான் இருக்கும்.

'இஃப்' முன்னால் நிற்கிற தனிச் சொல் என்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. மாசிடோனியா தேசத்து அரசன் பிலிப், ஸ்பார்ட்டா தேசத்தாருக்கு, 'நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் அடியோடு நாசமாக்குவேன்' என்று மிரட்டி ஓலை அனுப்பினானாம். அவர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல்: 'இஃப்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அவ்வளவுதான். இதைத் தமிழில் மொழிபெயர்க்கப் பாருங்கள். 'ஆல்' என்று பதில் எழுதினால், ஆலமரமா ஆலங்கட்டி மழையா என்று கேட்பார்கள். நம் ஊர்க்காரராக இருந்தால், 'நுழைந்தால்தானே!' என்று சொல்லியிருப்பார். அதுவும் ஒன்றும் காரம் குறைந்ததில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? நாம் ஓயாமல் சொல்லும் 'ஆனால்' என்ற சொல்லே ஒரு பழைய நிபந்தனைதான். 'அப்படி ஆனால்' என்பதுதான் தேய்ந்து, இன்று 'பட்' என்கிற அர்த்தத்தில் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷைப் பற்றி எழுதுவது பொருத்தம்தான். 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு இணைகிற வரை இது தனிச் சமஸ்தானம். 1974-ல் தனி மாவட்டம் ஆயிற்று. சமஸ்தான காலத்திலேயே இங்கே மன்னர் கல்லூரி நல்ல பெயர் எடுத்திருந்தது. திருமயத்தில் 1887-ல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி அங்கே படித்தவர். பிற்காலத்தில் டில்லி மத்திய சட்டசபையில் அவருடைய இங்கிலீஷ் பேச்சுக்கு எதிர்க் கட்சிக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே கல்லூரியில், ஆண் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்த வகுப்பில், மன்னர் அனுமதி கொடுத்ததால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். அவர்தான் பின்னாளில் டாக்டராகி, சென்னைச் சட்டசபையிலும் அங்கம் வகித்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட உழைத்த முத்துலட்சுமி ரெட்டி. அந்த நாளில் நெஸ்பீல்டு துரையின் இலக்கணம். 1930-களுக்குப் பிறகு ரென் அண்டு மார்ட்டின். ரென் என்கிறவர் அசல் இலக்கணப் புலி என்று நினைத்துப் பயப்படாதீர்கள். பாலைவனத்துச் சண்டைகளை வைத்து விறுவிறுப்பான நாவல்கள் எழுதித் தள்ளியவர் அவர். இன்றைக்கும் நம் வீட்டுப் பரண்களில் தேடினால், அட்டை கிழிந்த ஒரு ரென் அண்டு மார்ட்டின் அகப்படாமல் இராது.

இனிமேல் நிஜமாகவே ஒரு கமாவினால் தூக்கம் கெட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். முன் அறையில் இரண்டு மெஷின். பின் அறையில் குடித்தனம். கூட இருப்பது அவருடைய அம்மாவும், பிளஸ் டூ படிக்கிற பெண்ணும். வீட்டுக்காரர் பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி, இங்கிலீஷில் டைப் அடித்த மூன்று பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்க பத்திரிகையில இருக்கீங்க. எம் பொண்ணு எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிடுச்சு. இந்த ஒரு வரியில மட்டும் அதுக்கே சந்தேகம் வந்திருச்சு" என்றார்.

அந்த வரி இதுதான்: 'இஃப் த ரென்ட் இஸ் நாட் பெய்ட் இன் டைம் ஆஃப்டர் நோட்டீஸ் த டெனன்ட் ஷல் வெக்கேட்.'

முழு வாக்கியத்திலும் ஒரு கமா கிடையாது. இப்போது நீங்களே கமாவைப் போட்டுப் பாருங்கள். 'இன் டைம்' என்பதற்குப் பிறகு போட்டால், 'வாடகையை உரிய காலத்தில் கொடுக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்ததும் காலி செய்ய வேண்டும்' என்று ஆகும். ஒரு முறை தவறினாலும் நோட்டீஸ் வரும். வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 'ஆஃப்டர் நோட்டீஸ்' என்பதற்குப் பிறகு போட்டால், 'நோட்டீஸ் கொடுத்த பிறகும் வாடகையை உரிய காலத்தில் கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும்' என்று ஆகும். அதாவது, நோட்டீஸ் வந்த பிறகும் பணத்தைக் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அவகாசம் உண்டு. வார்த்தைகள் அதே வார்த்தைகள். இரண்டு சொல் இடம் மாறி உட்காரவில்லை. வால் முளைத்த ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் தெருவில் நிற்பதா, நிலைப்பதா என்பது தீர்மானமாகிறது.

அக்காவுக்கு இது வெறும் இலக்கண சர்ச்சை இல்லை. தீபாவளி, பொங்கல் என்றால் மூட்டை மூட்டையாகத் துணி வரும். இராத்திரி இரண்டு மணி வரை மெஷின் ஓடும். ஆடி மாதம் வந்தால் முகூர்த்தம் கிடையாது, ரவிக்கைத் துணி வராது. வருஷா வருஷம் ஆடியில் வாடகை பத்து நாள் தள்ளித்தான் போகும் என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். இந்த அழகில் பெண்ணுக்குப் பரீட்சை வேறு.

நாங்கள் மூன்று பேருமாக வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். மூன்றாவது ஆள் அக்காவின் அம்மா. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். 1991-92-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, நினைவிருக்கிறதா? அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். கற்றது எழுத்தோடு நின்றதா? சைக்கிளும் கற்றுக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் கிளம்பினார்கள். ஊர் உலகமெல்லாம் அதைப் பற்றி எழுதிற்று. அப்படி எழுத்தும் சைக்கிளும் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்ட பெண்களில் இந்த அம்மாளும் ஒருவர். காகிதம் என்றால் இவருக்குப் பயம் கிடையாது. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கமும் கிடையாது.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர். நான் விஷயத்தை விளக்கியதும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"கம்ப்யூட்டர் கடையில ஏற்கெனவே இருந்ததைத்தான் அடிச்சுக் கொடுத்தாங்கம்மா. எப்படிப் படிச்சாலும் ரெண்டும் ஒண்ணுதானே? இந்த ஒரு புள்ளிக்கா மூணு பேர் வந்தீங்க?" என்றார்.

நான் நெஸ்பீல்டிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா, புள்ளியை எங்க பக்கமா வச்சிடுங்களேன் ஐயா. உங்களுக்கு நட்டமில்லையே!"

வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். இரண்டும் ஒன்றில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'நோட்டீஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் அழுத்தமாக ஒரு கமா போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அக்காவும் போட்டார். அந்த வருஷம் ஆடியில் வாடகை ஒன்பது நாள் தள்ளிப் போயிற்று. நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் அந்த அம்மாள் கேட்டார்: "ஏன் ஆயி, இதைத் தமிழ்ல எழுதியிருந்தா அந்தப் புள்ளியே தேவைப்பட்டிருக்காதே?"

நூற்றுக்கு நூறு சரி. மேலே நான் எழுதிய இரண்டு தமிழ் வாக்கியங்களையும் கமாவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் மாறவே மாறாது. 'கொடுக்காவிட்டால்' என்கிற சொல் எங்கே முடிகிறதோ அங்கே நிபந்தனை முடிந்தது. குடுமியான்மலையிலும் திருமயத்திலும் இன்னும் இந்த மாவட்டத்துக் கோயில் சுவர்களிலும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. 1929-லேயே சமஸ்தானத்தார் அவற்றைத் திரட்டிப் பெரிய புத்தகமாக அச்சுப் போட்டார்கள். நிலம் விற்றது, விளக்குக்கு ஆடு விட்டது, வரி தள்ளியது எல்லாம் அவற்றில் உண்டு. மருந்துக்கும் ஒரு கமா கிடையாது. தர்மத்துக்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று நம் நாட்டுக் கல்வெட்டுகளின் முடிவில் அடிக்கடி வருமே, அதுவும் நிபந்தனைதான். கமா இல்லாததால் எந்தப் பாவியும் தப்பித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

'இவ்வளவு சின்னப் புள்ளியைக் கோர்ட்டில் யார் மதிப்பார்கள்?' என்று உங்கள் வீட்டில் வக்கீல் யாராவது இருந்தால் கேட்பார். நியாயமான கேள்வி. சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறிகள் அவ்வளவு முக்கியமில்லை என்று நம் உச்ச நீதிமன்றத்தில் 1952-லேயே ஒரு நீதிபதி எழுதியிருக்கிறார். சொற்களை முழுதாகப் படித்து, நோக்கத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்து லாரி டிரைவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியில் வேலை செய்தவர்கள் அவர்கள். எந்தெந்த வேலைக்கு அதிக நேரச் சம்பளம் கிடையாது என்று அந்த மாகாணச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு கமா இல்லாமற்போனதால், சரக்கை விநியோகம் செய்வது பட்டியலில் தனியாகச் சேர்ந்ததா, அல்லது விநியோகத்துக்காகப் பெட்டி கட்டுவது மட்டும் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. 2017-ல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் பேசிற்று. மறு வருஷம் கம்பெனி ஐம்பது லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து ராஜியாகப் போயிற்று. ஒரு கமாவின் விலை! கோர்ட் மதித்தாலும் மதிக்காவிட்டாலும், கோர்ட் வரைக்கும் போகாமல் இருப்பதற்குக் கமா உதவும் என்பது என் அபிப்பிராயம். தையல் கடை அக்காவால் அப்பீல் எல்லாம் போக முடியுமா?

கமாவை விட்டுவிட்டு 'இஃப்' என்ற சொல்லுக்கே வருவோம். தமிழர்களாகிய நாம் இதில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. நம்முடைய 'வந்தால்' என்பது சந்தேகத்துக்கும் உதவும், நிச்சயத்துக்கும் உதவும். 'மழை வந்தால் துணியை எடு' என்பது சந்தேகம். 'பொழுது விடிந்தால் கல்யாணம்' என்பதோ நிச்சயம். பொழுது விடியாமல் இருந்துவிடுமோ என்று யாரும் கவலைப்படுவதில்லை. இங்கிலீஷில் நிச்சயத்துக்கு 'வென்', சந்தேகத்துக்கு 'இஃப்'. எனக்குத் தெரிந்த மாமி ஒருத்தி, பெண்ணோடு இருப்பதற்காக வெளிதேசம் போயிருந்தாள். பார்சல் கொண்டுவந்தவனிடம், 'இஃப் மை ஹஸ்பண்ட் கம்ஸ் ஹோம், ஹி வில் ஸைன்' என்று சொன்னாள். 'மாமா வந்தால் கையெழுத்துப் போடுவார்' என்பதை அப்படியே சொன்னதுதான். கமா கூட அவள் குரலில் சரியான இடத்தில் விழுந்தது. அந்தப் பையனோ முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, 'எல்லாம் சரியாகிவிடும் அம்மா' என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனானாம். மாமா அப்போது மூலைக் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தார்!

'இஃப்' இருக்கிற பாதியில் 'வில்' போடுவது இன்னொரு வழக்கம். 'இஃப் யூ வில் கம்' என்று எழுதுகிறார்கள். வரப்போவது நாளைக்குத்தானே, எதிர்காலம் போட வேண்டாமா என்று கேட்பார்கள். தமிழைப் பாருங்கள். 'நாளைக்கு வந்தால்' என்கிறோம். 'வந்த்' என்பது இறந்தகாலத்துக்கு உரிய உருவம். நாளைக்கு நடக்கப் போவதை நேற்றைய உருவத்தில் சொல்லிவிட்டுக் கவலையில்லாமல் இருக்கிறோம். நிபந்தனைக்குள் புகுந்துவிட்டால் காலம் தன் வேலையை மறந்துவிடும் போலிருக்கிறது. இங்கிலீஷ்காரனும் அப்படித்தான், நாளைக்கு வருவதை 'இஃப் யூ கம்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறான். நடக்கவே நடக்காததைச் சொல்லும்போது அவனும் நம்மைப் போல இறந்தகாலத்துக்கு ஓடுகிறான். 'எனக்குச் சிறகு இருந்தால்' என்பதற்கு, 'இஃப் ஐ ஹேட் விங்ஸ்.' கைவிட்டுப் போனதைச் சொல்லும் 'படித்திருந்தால்' என்பதற்கு, 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட்.' நம் வீட்டுப் பெரியம்மாக்களும் அத்தைகளும் பெருமூச்சோடு அதிகம் சொன்ன நிபந்தனை இந்தக் கடைசி வகைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, நடுவில் செருகி வரும் குட்டி நிபந்தனைகள். 'இஃப் பாஸிபிள்', 'இஃப் நெஸஸரி', 'இஃப் எனி' என்று ஆபீஸ் கடிதங்களில் பார்த்திருப்பீர்கள். 'ப்ளீஸ் ஸெண்ட் த பில்ஸ், இஃப் எனி, பை மண்டே.' இதற்கு ஒரு கமா போதாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துத் தூக்கினால் குட்டி நிபந்தனை முழுதாக வெளியே வந்துவிட வேண்டும். மீதி வாக்கியம் காயமில்லாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கமா போடுகிறவர்கள், கதவுக்கு ஒரு கீல் மட்டும் வைக்கிற தச்சரைப் போன்றவர்கள்.

இந்த 'இஃப் எனி' என்பதற்கு நம் சர்க்கார் பாரங்களில் 'இருப்பின்' என்று போடுகிறார்கள். 'இன்' என்று முடிகிற இந்த நிபந்தனை உருவத்தைப் பழைய இலக்கணக்காரர்கள் 'செயின்' என்னும் வாய்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். 'சீனி இருப்பின் காப்பி கொடு' என்று இன்றைக்கு எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. ஆனால் தாலுகா ஆபீஸ் பாரத்தில் மட்டும் அது ஆயுள் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. 'ஆட்சேபணை இருப்பின்', 'வேறு சொத்து இருப்பின்', 'குழந்தைகள் இருப்பின்.' அடுத்த முறை நீங்கள் வரிசையில் நிற்கும்போது பொழுது போகாவிட்டால் எண்ணிப் பாருங்கள். போன வாரம் நான் எண்ணியதில் ஒரே பக்கத்தில் நான்கு இருந்தன. கமா ஒன்று கூட இல்லை.